காணொளித் தொகுப்பும் கணிப்பொறிச் செப்பனிடலும்
(உத்திரமேரூர்க் களப்பணி தந்த பாடம்)

முன்னுரை

தொகை நூல்களைப் பயில்வோர், நூலைத் தொகுத்தவர் இன்னார், தொகுப்பித்தவர் இன்னார் என்னும் இரு குறிப்புகளையும் அறிவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தொகுத்தலுக்கு அறிவு வேண்டும். தொகுப்பித்தலுக்குப் பொருள் வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. ஆகவே, பிறர் பொருளைக் கொண்டு தொகுப்பவர் அப்பொருள் வீணாகாவண்ணம் காக்கும் கடமையும் உடையவராகிறார்.

ஏட்டுச்சுவடிகளைத் தொகுத்த நிலையோடு நில்லாமல், காட்சியையும் குரலையும் தொகுக்க வேண்டிய காலத்தில் தமிழ்த்துறைகள் இன்று நிற்கின்றன. அப்பணிக்குரிய கருவி கணிப்பொறி. பழைய கணிப்பொறி ஒன்றனைக் காணொளித் தொகுப்புக்கு ஏற்றவாறு எவ்வாறு செப்பனிடலாம் என்பதையும், அதில் நாம் செய்த பிழையையும் பெற்ற பாடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் பதிவும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், குடவோலைக் கல்வெட்டுகளால் உலகறிந்த ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகளை வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இன்றும் காணலாம். முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்டோரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியர். ஏரியைக் காப்பதற்கெனத் தனி வாரியம் கண்ட ஊர் அது.

கல்வெட்டைப் படம்பிடிப்பதோடு, இன்றுள்ள முதியோர் ஏரியைப் பற்றி அறிந்தவற்றையும் அவர்தம் குரலிலேயே பதிவு செய்ய 2023ஆம் ஆண்டு சனவரியில் நம் மாணவர்களுடன் உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றுக்குச் சென்றோம். ஜமாஅத் பெரியவர்கள் சிலரும் முன்னாள் மாணவர்களும் பயணச் செலவுக்கும் படத்தொகுப்புக்கும் பொருள் தந்து உதவினர். மதகைத் திறந்து மூடும் பொறுப்பில் பல்லாண்டுகள் இருந்த முதியவர் ஒருவர் இரண்டு நாள் நம்மோடு நடந்தார். கரை, கலிங்கு, மதகு, கால்வாய் என ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். விடைபெறும்போது, "பாய், படம் எப்ப வரும்? பேரப்பசங்களோட ஒக்காந்து பாக்கணும்" என்றார். பொங்கல் கழிந்து இரு திங்களில் வரும் என்று வாக்களித்தோம்.

அவ்வாக்கை நம்மால் காக்க இயலவில்லை.

கணிப்பொறி தந்த இடர்

நம் துறையில் இருந்தது 2017ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணிப்பொறி. நான்கு கருக்கள் கொண்ட ஏழாம் தலைமுறை இன்டெல் மையச் செயலகம், 8 ஜிகாபைட் ரேம், 1 டெராபைட் வன்தட்டு ஆகியன அதன் உறுப்புகள். கடிதம் தட்டச்சு செய்யவும் வினாத்தாள் அணியமாக்கவும் அது போதுமானதாக இருந்தது. ஆனால், கைப்பேசியில் 4கே அளவில் எடுத்த காட்சிகளைத் தொகுப்பு மென்பொருளில் இட்டபோது, படம் நின்று நின்று நகர்ந்தது. குரல் முன்னே செல்ல, உதடு பின்னே அசைந்தது. ஓரிடத்தில் வெட்டிவிட்டு அடுத்த இடத்திற்குச் செல்ல நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கணிப்பொறி விற்பனையாளர் ஒருவரைக் கேட்டோம். அவர் பெட்டியைத் திறந்தும் பாராமல், "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள், விலை உயர்ந்த வரைகலை அட்டையும் வேண்டும்" என்றார். அவர் கூறிய தொகை, நன்கொடையாக வந்த தொகையினும் மிகுதி. மேலும் பொருள் திரட்டுவதிலேயே மூன்று திங்கள் கழிந்தன. மே திங்களில் அம்முதியவர் காலமான செய்தி வந்தது.

விரைவு என்பது வெறும் ஆடம்பரம் அன்று என்பதை அன்று உணர்ந்தோம். முதியோர் குரலைத் தொகுப்பவர்க்குக் காலம் காத்திராது.

தடை எங்கே?

துயரோடு அவரது பதிவையே மீண்டும் ஓடவிட்டோம். வயலுக்கு நீர் வராதபோது என்ன செய்வீர்கள் என்று மாணவி ஒருத்தி கேட்டதற்கு அவர் தந்த விடை அதில் இருந்தது: "மதகு சின்னதுன்னு சொல்லி இடிக்கக்கூடாது தாயி. மொதல்ல கால்வாய் ஓரமா நடக்கணும். எங்க தூர்ந்திருக்குதுன்னு பாக்கணும். பாக்காம மண்வெட்டியத் தூக்குறவன் வீணா வேர்வை சிந்துவான்."

கணிப்பொறிக்கும் இது முற்றும் பொருந்தும். வன்தட்டு ஏரி, ரேம் வயலருகே நீர் தேக்கும் குட்டை, மையச் செயலகம் வயல், இவற்றை இணைக்கும் தடங்கள் கால்வாய். எவ்விடத்தில் அடைப்போ அவ்விடத்தைத் திருத்தினாலன்றி வேறெதனைப் பெரிதாக்கினும் பயனில்லை. அடைப்பைக் காணக் காசு வேண்டியதில்லை. விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு காணொளியை ஓட்டினால், மையச் செயலகம், ரேம், வன்தட்டு ஆகியவற்றுள் எது நூறு விழுக்காட்டை எட்டுகிறது என்பது கண்முன் தெரியும். நம் கணிப்பொறியில் ஒரே ஒரு காட்சியை ஓட்டும்போது வன்தட்டு ஏறத்தாழ ஓய்ந்திருந்தது. மையச் செயலகமோ நூறு விழுக்காட்டில் திணறியது.

சுருக்கமும் விரிவும்

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 4கே காட்சியின் ஒரு படத்தில் 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு 3 பைட் எனின், ஒரு படம் ஏறத்தாழ 25 மெகாபைட். நொடிக்கு 30 படங்கள் எனின் ஏறத்தாழ 746 மெகாபைட். ஆனால் கைப்பேசியில் பதிவான கோப்போ நொடிக்கு ஏறத்தாழ 6 மெகாபைட் அளவினதே. நூறு மடங்குக்கும் மேலான சுருக்கம் இது. நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தரவல்ல பழைய வன்தட்டுக்கு இந்த 6 மெகாபைட் ஒரு பொருட்டன்று. சுருங்கியதை விரிப்பதே பெரும்பணி. அதுவே மையச் செயலகத்தைத் திணறச் செய்கிறது.

எச்.264, ஹெச்.இ.வி.சி. ஆகிய சுருக்க முறைகளில் எல்லாப் படங்களும் முழுமையாகப் பதிவாவதில்லை. முழுப்படம் ஒன்று இடையிடையே வரும். ஏனையவற்றில் மாறுபட்ட பகுதிகள் மட்டுமே குறிக்கப்படும். பழைய பத்திரங்களில் எழுத்தர் 'மேற்படி' என்பதற்கு ௸ என்னும் குறியை இட்டுச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். எழுதுவோர்க்கு அது எளிது. இடையில் ஒரு வரியை மட்டும் படிக்கப் புகுவோர், அக்குறியின் பொருள் அறிய முன்னுள்ள முழு வரிக்குத் திரும்ப வேண்டும். படத்தொகுப்பாளர் முன்னும் பின்னும் தாவுபவர் ஆதலின், ஒவ்வொரு தாவலிலும் கணிப்பொறி இவ்வாறே திரும்பிச் சென்று பொருள் கண்டு வர வேண்டியிருக்கிறது.

செப்பனிட்ட முறை

முதற்படி, காசில்லாப் பணி. மின் இணைப்பைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்தோம். விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகடுகளிலும் புழுதி அடைந்திருந்தது. வெப்பம் மிகுந்தால் மையச் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புழுதியை அகற்றி, காய்ந்துபோன வெப்பக்கடத்திப் பசையை மாற்றினோம்.

இரண்டாம் படி, பிராக்ஸி எனப்படும் பதிலிக் கோப்பு. மூலக்காட்சி ஒவ்வொன்றுக்கும் எளிதில் விரியத்தக்க சிறிய படி ஒன்றை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். வெட்டுவதும் ஒட்டுவதும் அச்சிறு படியில் நிகழும். இறுதியில் படத்தை வெளியிடும்போது மூலக்காட்சியே பயன்படும். பதிலியைக் கொண்டே இறுதி வடிவம் வெளியிட்டால் படம் மங்கிவிடும் ஆதலின், அவ்விடத்தில் விழிப்பு வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் கேடன்லைவ், டாவின்சி ரிசால்வ் ஆகிய இரண்டிலும் இவ்வசதி உண்டு. நாம் பயன்படுத்தியது கேடன்லைவ். குரலும் உதடும் பொருந்தாமைக்கும் காரணம் கிடைத்தது. கைப்பேசிகள் பல, நொடிக்கு இத்தனை படம் என்னும் அளவை ஒரு சீராகக் காப்பதில்லை. அத்தகைய கோப்புகளை முதலிலேயே சீரான அளவுக்கு மாற்றிக்கொண்டோம்.

மூன்றாம் படி, ரேம். ஒற்றைக் காட்சி இப்போது தடையின்றி ஓடினாலும், பல காட்சிகளை அடுக்கியபோது 8 ஜிகாபைட்டும் நிரம்பியதை டாஸ்க் மேனேஜர் காட்டியது. ரேம் நிரம்பினால் கணிப்பொறி வன்தட்டைத் தற்காலிக நினைவகமாகக் கொள்ளும். அது மிகவும் மெதுவானது. முன்னிருந்த பலகைக்கு இணையான இன்னொரு 8 ஜிகாபைட் டி.டி.ஆர்.4 பலகையைச் சேர்த்தோம். ஒத்த பலகைகள் இரண்டை உரிய இடங்களில் பொருத்தினால் இரு தடங்களிலும் தரவு பாயும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தா. வாங்கும் முன் தாய்ப்பலகையின் குறிப்பேட்டைப் பார்த்தல் நன்று.

நான்காம் படி, எஸ்.எஸ்.டி. வன்தட்டில் சுழலும் தகடும் அதன்மேல் நகரும் முள்ளும் உண்டு. பல கோப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது முள் அங்குமிங்கும் அலையும், அவ்வலைச்சலே தாமதம். எஸ்.எஸ்.டி.யில் நகரும் உறுப்பு இல்லை. சாட்டா இணைப்பில் அது நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் தரும், தாய்ப்பலகையில் என்.வி.எம்.இ. வகைக்கு இடமிருப்பின் அதனினும் பன்மடங்கு பெறலாம். நாம் 500 ஜிகாபைட் அளவுள்ள சாட்டா வகையை வாங்கி, இயங்குதளத்தையும் பதிலிக் கோப்புகளையும் அதில் வைத்தோம். பழைய வன்தட்டு மூலக்காட்சிகளைச் சேமிக்கும் கிடங்காயிற்று.

வரைகலை அட்டையை நாம் வாங்கவில்லை. அது பயனற்றது என்பது கருத்தன்று. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் வண்ணத் திருத்தத்திற்கு அதனையே பெரிதும் நம்பியுள்ளன. நமக்கோ வெட்டி ஒட்டலும் எழுத்துச் சேர்த்தலுமே தேவை. நாம் கொண்ட மென்பொருளும் அதனை மிகுதியாகப் பயன்படுத்துவதன்று. வாங்குவோர் எஸ்.எம்.பி.எஸ். அதற்குரிய மின்னாற்றலைத் தருமா, பெட்டியில் அட்டைக்கு இடமுண்டா என்பவற்றையும் முன்னரே ஆராய வேண்டும்.

இவை அனைத்திற்கும் முற்பட்ட பணி ஒன்றுண்டு. பெட்டியைத் தொடுமுன் மூலக்காட்சிகளுக்கு இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறோர் இடத்தில் வைத்தோம். கருவியை மீண்டும் வாங்கலாம். மறைந்தவர் குரலை மீண்டும் பெற இயலாது. மின்தடை மிகுந்த சிற்றூர்களில் யூ.பி.எஸ். இன்றிப் படத்தை வெளியிட முனைவதும் தவறு. இரவு முழுதும் நிகழ்ந்த பணி ஒரு நொடியில் வீணாகும்.

எல்லையும் கணக்கும்

செப்பனிடலுக்கு எல்லை உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு நிறைவுற்றது. ஏழாம் தலைமுறைச் செயலகங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கு ஏற்றவையாக அந்நிறுவனத்தால் ஏற்கப்படவில்லை. எனவே நம் கணிப்பொறியை லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாற்றினோம். கேடன்லைவ் அதிலும் இயங்குகிறது. மையச் செயலகமே போதாது என்னும் நிலை ஒருநாள் வரும். அதை மாற்ற முனைந்தால் தாய்ப்பலகையையும், பெரும்பாலும் ரேமையும் மாற்ற நேரும். அப்போது புதுப்பொறி வாங்குவதே முறை. ஆயின் அது இறுதிப்படி, முதற்படி அன்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் நம் நெஞ்சில் நிற்பது ஒரு விதி. வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவர்தம் உறவினர் பெயரையும் குடவோலையில் இடலாகாது என்கிறது அது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை நாம் அமானிதம் என்போம். செலவுக் கணக்கை நன்கொடையாளர்முன் வைத்தபோது, ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பசையும் சேர்ந்து, புதுப்பொறிக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. எஞ்சிய தொகையில் மேலும் மூன்று சிற்றூர்களில் பதிவு செய்ய முடிந்தது.

முடிவுரை

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், படத்தை அம்முதியவர் இல்லத்துத் திண்ணையில் திரையிட்டோம். பேரப்பிள்ளைகள் இருந்தனர்; அவர் இல்லை. கால்வாயோரம் நடந்து பார் என்று திரையில் அவர் கூறியபோது, இளைய பேரன் எழுந்து திரையருகே சென்று நின்றான்.

புதுப்பொறிக்குப் பொருள் தேடி அலைந்த மூன்று திங்களில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருப்போமாயின், அவரும் அத்திண்ணையில் அமர்ந்திருந்திருப்பார். மாணவச் செல்வங்கள் இதனை மனத்தில் இருத்துக. கருவி மெதுவாக இயங்கும்போது கடைக்கு ஓடற்க. அடைப்பு எங்கே என்று முதலில் நடந்து பார்க்க. உங்கள் ஊர்களிலும் முதியோர் இருக்கின்றனர். அவர்தம் குரலைத் தொகுக்கும் பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது.