பேருந்தின் பிணியறிதல்

சிவகாசியை அடுத்துள்ளது நாரணாபுரம். கரிசல் நிலம் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளிக்கின்றன. விடியற்காலையில் சிற்றூர்தோறும் சென்று தொழிலாளரை ஏற்றிவரும் பேருந்துகள் இங்கே பல. அவற்றுள் நெடுங்காலம் உழைத்துத் தேய்ந்த டீசல் வண்டிகளும் உண்டு. அத்தகைய வண்டி வழியில் நின்றுவிட்டால், அதில் செல்வோர் அன்றைய கூலியை இழப்பர். இறக்கத்தில் கியர் நழுவிவிட்டாலோ, இழப்புக் கூலியோடு நில்லாது. ஆதலின், வண்டியின் கியர்ப் பெட்டியைப் பற்றி அறிதல் நமக்கும் இன்றியமையாததாகும்.

டீசல் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் தன் வலிமையை நன்கு காட்டும். ஆனால், வண்டியோ நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். சேற்றில் ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் விரையவும் வேண்டும். இவ்விரண்டையும் இணங்கச் செய்வதே கியர்ப் பெட்டி. 20 பற்களையுடைய சக்கரம் 60 பற்களையுடைய சக்கரத்தைச் சுழற்றுவதாகக் கொள்வோம். முன்னது மூன்று முறை சுற்றினால் பின்னது ஒரு முறையே சுற்றும். ஆனால், அதன் திருப்பு வலிமை ஏறத்தாழ மும்மடங்காகும். முதற் கியரில் வேகம் குறைந்து இழுவை மிகுவதன் காரணம் இதுவே. எஞ்சினுக்கும் இப்பெட்டிக்கும் இடையே நின்று, வேண்டும்போது அவற்றை இணைத்தும் பிரித்தும் உதவுவது கிளட்சு.

நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும் தெளிந்த பின்னரே மருத்துவன் மருந்து தர வேண்டும் என்பது வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் கூறும் நெறி. அந்நெறி பட்டறைக்கும் பொருந்தும். கியர் விழவில்லை என்றவுடன் பெட்டியையே மாற்ற முற்படுதல் பேதைமை. எல்லாக் கியர்களும் உறுமலோடு விழுந்தால், குற்றம் பெரும்பாலும் முழுதும் பிரியாத கிளட்சினுடையது. அதைச் சரிசெய்தாலே போதியதாகலாம். ஒரு கியர் மட்டும் உறுமினால், அந்தக் கியரின் இணைப்புப் பற்கள் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் விரைந்து சுழன்றும் வண்டி விரையாமல் கருகல் நாற்றம் எழுந்தால், கிளட்சுத் தட்டு வழுக்குகின்றது என்று அறிக.

ஒலியும் ஒரு சான்றாகும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட வேண்டும். அப்போது எழும் இரைச்சல் கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால், பெட்டியினுள் உள்ள பேரிங்குகளை ஐயுற வேண்டும். மிதிக்கும்போதே இரைச்சல் தோன்றினால், கிளட்சை விடுவிக்கும் பேரிங்கே காரணமாகலாம். இறுதிச் சான்று எண்ணெய். வடித்த எண்ணெயில் மாவு போன்ற மெல்லிய இரும்புத்தூள் சிறிது இருப்பது தேய்மானத்தின் இயல்பு. பல் துண்டுகளும் உலோகச் சில்லுகளும் கிடந்தாலோ, பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றுவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பேட்டரியின் இணைப்பை நீக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டு செல்லும் நெடுந்தண்டின் இணைப்பில் அடையாளமிட்டு, அதைப் பிரிக்க வேண்டும். பெட்டி மிகுந்த எடையுடையது; ஆதலின் ஜாக்கியால் உறுதியாகத் தாங்கிக்கொண்டு, நேராகப் பின்னோக்கி இழுத்தல் வேண்டும். அதன் எடை முன்தண்டின்மேல் தொங்கினால், கிளட்சுத் தட்டு வளைந்து கெடும். பெட்டி வெளிவந்த அந்நேரத்திலேயே கிளட்சையும் அதன் பேரிங்கையும் ஆராய்தல் அறிவுடைமை. பின்னர் அவற்றிற்காக மீண்டும் ஒரு முறை கழற்ற நேராது.

மாற்றாக வரும் பெட்டியின் முன்தண்டு நீளமும், அதன் வரிப்பற்களின் எண்ணிக்கையும், திருகு துளைகளும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பொருத்திய பின் உரிய எண்ணெயை உரிய அளவு ஊற்றி, ஒவ்வொரு கியரையும் நின்ற நிலையில் பார்த்து, பின்னர் ஆளில்லா வண்டியை மெல்ல ஓட்டி, கசிவு உண்டா என நோக்குதல் வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளில், செப்பனிட்ட பெட்டியை ஆயத்தமாக வைத்திருந்து, பழுதானதற்கு ஈடாகப் பொருத்துவது வழக்கம். இதனால் வண்டி விரைவில் சாலைக்குத் திரும்புகின்றது. பழுதான பெட்டியும் ஆறஅமரச் செப்பனிடப்படுகின்றது.

1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியவர் ஜி. டி. நாயுடு. அவர் தொழில் பல பேருந்துகளையுடைய நிறுவனமாகப் பின்னர் வளர்ந்தது. பொறிகளைப் பிரித்துப் பார்த்து அறியும் வேட்கை அவரிடம் மிகுந்திருந்தது. அத்தகைய வேட்கை ஓட்டுநருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் வேண்டும். வண்டியில் அமர்ந்திருப்போர் கியர்ப் பெட்டியைக் காண்பதில்லை; அதைக் கண்டவனுடைய நேர்மையை நம்பியே அவர்கள் ஏறுகின்றார்கள். அந்நம்பிக்கைக்குத் தக்கவாறு, முன்னே ஆராய்ந்து பின்னே கைவைப்பதே தொழிலறம்.