நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஹெர்மஸை மூழ்கடித்தது கமிகாசேயா?

திருகோணமலைக்கு வருவோரிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது: 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியக் கமிகாசே விமானங்கள் மோதித்தான் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்ததாம், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மஸும் மூழ்கியதாம். தயவுசெய்து நிறுத்துங்கள். கமிகாசே படை களமிறங்கியது 1944 ஒக்ரோபரில், பிலிப்பைன்ஸில். இரண்டரை ஆண்டு முன்னதாகவே அது திருமலைக்கு எப்படி வந்தது? தாங்கியின் மேல் விமானம் ஒன்று விழுந்தது உண்மை. ஒரு விமானம் விழுந்ததை வைத்துத் தற்கொலைப் படையொன்றைக் கட்டியெழுப்பலாமா?

ஹெர்மஸ் மீது எந்த விமானமும் மோதவில்லை. முதல் நாளிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய அந்தக் கப்பலை, மட்டக்களப்புக்கு அப்பால் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள் பிடித்தன. ஏறக்குறைய 40 குண்டுகள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அதன் விமானங்கள் கரையில் நின்றன. 5.5 அங்குலப் பீரங்கிகள் ஆறும் கப்பல்களைச் சுடுவதற்கானவை. வானை நோக்கிச் சுட 4 அங்குலப் பீரங்கிகள் மூன்று, அவற்றோடு சில சிறு துப்பாக்கிகள். கமிகாசேக் கதை மறைப்பது இந்தப் போதாமையைத்தான்.

இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. 1944 ஏப்ரலில் இதே துறைமுகத்துக்கு வந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷலியுவைப் பாருங்கள்: நியூயோர்க்கில் பொருத்திய 40 மில்லிமீற்றர் போபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் மட்டும் 56 குழல்கள், 20 மில்லிமீற்றர் ஒயர்லிக்கன்கள் நாற்பதுக்கும் மேல். விமானத்தை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டை அமெரிக்கக் கப்பல் ஹெலினா 1943 சனவரியிலேயே பயன்படுத்திவிட்டது.

“பீரங்கி நிறைய இருந்தால் போதும்” என்பதும் தவறு. சுமார் 150 சிறு பீரங்கிகளைச் சுமந்த யப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோவை 1945 ஏப்ரல் 7 அன்று விமானங்களே மூழ்கடித்தன. தலைக்கு மேல் சொந்த விமானங்கள் இல்லாவிட்டால் பீரங்கி மட்டும் காக்காது.

“உலகின் முதல் விமானந்தாங்கி ஹெர்மஸ்” என்பதும் சரியில்லை. யப்பானின் ஹோஷோ 1922இலேயே சேவைக்கு வந்துவிட்டது, ஹெர்மஸ் 1924இல்தான்.

மட்டக்களப்பில் சுழியோட வருகிறவர்களுக்கு ஒன்று: மூழ்கிக் கிடக்கும் ஹெர்மஸ் பலருக்குக் கல்லறை. பார்த்துவிட்டு வாருங்கள், ஒரு தோட்டாக் கூட்டைக்கூட மேலே கொண்டு வராதீர்கள்.