புகைப்பட மன்றத்தில் நாங்கள் கற்றது



நம் பள்ளியில் புகைப்பட மன்றம் ஆகஸ்ட் 19 அன்று தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றுதான் உலகப் புகைப்பட நாள். 1839-ஆம் ஆண்டு அதே நாளில் பிரான்ஸ் நாட்டில், டாகர் என்பவர் கண்டுபிடித்த படம் எடுக்கும் முறையை எல்லோரும் அறிய வெளியிட்டார்கள். எங்கள் மன்றத்தில் 14 பேர் இருக்கிறோம். காமிரா எத்தனை என்று மட்டும் கேட்காதீங்க. அறிவியல் டீச்சரோட பழைய டிஜிட்டல் காமிரா ஒன்று, அதுவும் அடிக்கடி சார்ஜ் இறங்கிடும்.

மற்றவர்கள் ஆசையில் சேர்ந்தார்கள். நான் சேர்ந்த காரணம் வேறு. போன வருஷம் தை மாசம் எங்க ஐயா தவறிட்டாங்க. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்க போட்டோ வேணும்னு கேட்டாங்க. டிரங்குப் பெட்டி, அலமாரி, சாமி படத்துக்குப் பின்னாடி எல்லாம் தேடினோம். ஐயாவோட போட்டோ ஒண்ணுகூட இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிசாக்கினார்கள். பிளெக்ஸைக் கட்டினதும் அப்பத்தா நிமிர்ந்து பார்த்துட்டு, "இது அவுக இல்ல"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிருச்சு.

ஏன் அப்படி ஆச்சு? முதல் வாரமே டீச்சரிடம் இதைத்தான் கேட்டேன். அவர்கள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். டிஜிட்டல் படம் என்பது நம் கோலம் மாதிரி, புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிக்கு பிக்சல் என்று பேர். கையில் வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 புள்ளி வேண்டும். அட்டையில் உள்ள படம் ஓர் அங்குல அகலம், அதில் 300 புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே 12 அங்குலத்துக்கு இழுத்தால்? 300-ஐ 12-ஆல் வகுங்கள், 25. அங்குலத்துக்கு 25 புள்ளிதான். அதற்கு மேல் எந்தக் கடையில் கொடுத்தாலும், எவ்வளவு காசு கொடுத்தாலும், இல்லாத புள்ளியைக் கொண்டுவர முடியாது. கம்ப்யூட்டர் பக்கத்துப் புள்ளியைப் பார்த்துத் தானாக ஒன்றை நிரப்பும், அவ்வளவுதான். ஐயாவுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. பிளெக்ஸில் அது காணாமல் போனது இதனால்தான்.

அடுத்த மூன்று வாரம் டீச்சர் காமிராவைக் கண்ணிலேயே காட்டவில்லை. செருப்பு டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஊசித்துளை காமிரா பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் செய்து பார்த்தால்தான் ருசி. நீங்களும் செய்யலாம். டப்பாவின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஒரு முனையில் சின்ன ஜன்னல் வெட்டி, அதன்மேல் பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித் தாளை ஒட்டி, ஊசியால் ஒரே ஒரு துளை. துளையிலிருந்து 20 செ.மீ. தள்ளி டப்பாவுக்குள் எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளைத் திரையாக நிறுத்துங்கள். மறுமுனையைத் திறந்து, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பாருங்கள். நம்ம வேப்பமரம் தலைகீழாகத் தெரியும், காற்றில் ஆடிக்கொண்டே.

ஏன் தலைகீழ்? ஒளி நேர்கோட்டில்தான் போகும். மர உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியாகக் கீழே போய் விழுகிறது, அடிமரத்திலிருந்து வருவது மேலே போகிறது. படத்தின் அளவையும் கணக்குப் போடலாம். மரம் 6 மீட்டர் உயரம், நாம் நிற்பது 12 மீட்டர் தூரம், திரை துளையிலிருந்து 20 செ.மீ. என்றால் படம் 10 செ.மீ. அடிக்குச்சியால் அளந்தோம், ஏறக்குறைய சரியாகவே வந்தது. ஒருத்தி மட்டும் துளையை ஆணியால் போட்டுவிட்டாள். அவள் படம் வெளிச்சமாக இருந்தது, ஆனால் கஞ்சி மாதிரி கலங்கிப் போயிருந்தது. துளை பெரிசானால் வெளிச்சம் கூடும், தெளிவு குறையும். (சூரியனை நேராகப் பார்க்காதீங்க, டப்பா வழியாகவும் வேண்டாம்.)

இன்னொன்று. 2019 டிசம்பர் 26 அன்று காலையில் நம்ம பக்கம் வளைய சூரிய கிரகணம் வந்ததே, நாமெல்லாம் சின்ன வகுப்பில் இருந்தோம். அன்றைக்கு எங்க வீட்டு மரத்தடியில் தரை முழுக்க வளையல் வளையலாக வெளிச்சம் விழுந்திருந்தது. ஏதோ மாயம் என்று நினைத்தேன். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளை என்று இப்போதுதான் புரிகிறது.

பிறகுதான் காமிரா கைக்கு வந்தது. வகுப்பறைக்குள் பிளாஷ் போடாமல் கபடி ஆடினவர்களைப் படம் எடுத்தோம், எல்லோரும் புகை மாதிரி வந்தார்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் ஆள் நகர்ந்துவிட்டால் அப்படித்தான் வரும். இதற்கு டீச்சர் சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1838-இல் டாகர், பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றை மாடியிலிருந்து படம் எடுத்தார். சில நிமிஷங்கள் மூடியைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. தெருவில் வண்டி, குதிரை, ஆள் எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். நகர்ந்ததால் ஒருத்தரும் படத்தில் விழவில்லை. ஓரமாக நின்று காலணிக்கு பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவரும், போட்டுவிட்டவரும் மட்டும் விழுந்தார்கள். போட்டோவில் முதலில் பதிந்த மனிதர்கள் அவர்கள்தான் என்கிறார்கள். அவர்கள் பேர் யாருக்கும் தெரியாது.

நம்ம ஊர்ப் பக்கத்துக் கதையும் உண்டு. கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் புகைப்படக் கலை படித்தவர். 1937-ஆம் வருஷம் அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள் அன்று கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடி, 50,000 அடி பிலிம் சேர்த்தார். 1940-இல் படம் தமிழில் வெளிவந்தது. அதைவிட ஆச்சரியம், அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த படமே பிற்காலத்தில் எங்கே என்று தெரியாமல் போனது. ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித்தான் அதன் ஆங்கில வடிவம் ஒன்று அமெரிக்காவில் கிடைத்தது. காந்தி படத்துக்கே இந்தக் கதி என்றால் எங்க ஐயா எம்மாத்திரம்!

காமிரா வாங்கக் காசு வேணுமே என்று எங்களில் சிலர் சலித்துக்கொண்டபோது, டீச்சர் பழனிகுமாரைப் பற்றிச் சொன்னார்கள். மதுரை மாவட்டத்துக்காரர். அவர் அம்மா மீன் விற்பவர், கடன் வாங்கித்தான் மகனுக்கு 2013-இல் காமிரா வாங்க உதவினார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமெடுத்தவர், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே படமெடுக்கவும் சொல்லிக் கொடுக்கிறார். 2022-இல் தயானிதா சிங் - பாரி விருது வாங்கினார். அன்றைக்கு அப்புறம் மன்றத்தில் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. (சார்ஜ் இறங்கும்போது மட்டும் கொஞ்சம்.)

நாங்கள் வெளியே போனது ஒரே ஒரு தடவை, முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு. இடிக்கிற பெரிய வீடுகளிலிருந்து வந்த தூண், கதவு, பீங்கான் சாமான் எல்லாம் விற்கும் தெரு உங்களுக்கே தெரியும். ஒரு கடையில் சுவரோரமாகக் கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய போட்டோக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தலைப்பாகை வைத்தவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஆச்சி, கையில் பொம்மையோடு ஒரு குட்டிப் பிள்ளை. நகையில் உள்ள கல்லைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். கடைக்காரரிடம் "இவங்கள்லாம் யாருண்ணே?"ன்னு கேட்டேன். "யாருக்குத் தெரியும் பாப்பா, சட்டம் நல்ல தேக்கு, அதுக்குத்தான் வாங்குறாக"ன்னு சொன்னார். அனுமதி கேட்டு ஒன்றிரண்டைத் திருப்பிப் பார்த்தோம். பின்னாடி ஒரு எழுத்துகூட இல்லை.

எங்க ஐயா கொத்தனார். அந்த மாதிரி வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைப் பழுது பார்க்கப் போவாங்க. இந்தப் போட்டோக்களில் சிலது மாட்டியிருந்த சுவரை ஐயா தேய்த்திருக்கலாம். அவுக பேரு எங்களுக்குத் தெரியும், படம் இல்லை. இவங்களுக்குப் படம் இருக்கு, பேரு இல்லை. திரும்பி வரும்போது எனக்கு இதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே மன்றத்தில் முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு வீடு, அங்கே இதுவரை நல்ல படம் இல்லாத பெரியவர் ஒருவரைக் கேட்டு எடுப்பது. கேட்டு என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும். சந்தையில் கேட்காமல் எடுத்து ஒருத்தன் வாங்கின திட்டு எங்களுக்கு இன்னும் காதில் நிற்கிறது.

நான் அப்பத்தாவைக் கேட்டேன். "போடி கிறுக்கச்சி, போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும். கெழவி மூஞ்சில என்ன இருக்கு?" மூன்று நாள் கேட்டேன், மூன்று நாளும் இதே பதில்.

நாலாம் நாள் படம் எடுக்கிறேன் என்று சொல்லாமல், வெளிச்சம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடம் குழியாகக் கறுத்துவிடும். வாசலுக்கு முதுகு காட்டினால் முகம் இருட்டு. சாயங்காலம் நாலரை மணிக்கு எங்க திண்ணை நிழலில் உட்கார்ந்தால் வானத்து வெளிச்சம் மெத்தென்று முகத்தில் விழுகிறது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இருட்டு. அதற்கு வெள்ளையாக ஏதாவது பிடித்தால் வெளிச்சம் திரும்பி அடிக்கும் என்று படித்தது ஞாபகம் வந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துவந்து தம்பியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன்.

அப்பத்தா பார்த்திருச்சு. "அது அவுக வேட்டியில்லடி?"

திட்டு விழப்போகுதுன்னு நான் பேசாம நின்னேன். அப்பத்தா கிட்ட வந்து, வேட்டிக் கரையை விரலால தடவிப் பார்த்துச்சு. அப்புறம் சீலையை இழுத்து விட்டுக்கிட்டு திண்ணையில உக்காந்து, "சீக்கிரம் எடு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்"னு சொன்னுச்சு. எட்டுப் படம் எடுத்தேன். ஆறு ஆடிவிட்டது, என் கைதான் காரணம். ஏழாவதில் அப்பத்தா காமிராவைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைத்தான் டவுனில் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன்.

படத்துக்குப் பின்னால் பென்சிலில்தான் எழுத வேண்டும், மெதுவாக அழுத்தாமல். பேனா என்றால் மை மறுபக்கம் இறங்கும், எழுத்தும் முன்பக்கம் தடிக்கும். அப்பத்தா பேர், செக்காலை, தேதி எழுதினேன். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "என்னடி எழுதுன?" என்று கேட்டது. படித்துக் காட்டினேன். "அவுக பேரையும் சேத்து எழுது. வேட்டி அவுகளதுதானே."

எழுதிவிட்டேன். அந்தப் படத்தின் இன்னொரு பிரதியைக் கீழே மூலையில் ஒட்டியிருக்கிறேன். மன்றத்தில் மற்றவர்கள் எடுத்த ஐந்து படங்களும் அடுத்த தாளில் இருக்கின்றன, எல்லாவற்றின் பின்னாலும் பேர் உண்டு. தயவுசெய்து படத்தை விரலால் தொடாதீங்க, ரேகை ஒட்டிக்கும்.

- 9-ஆம் வகுப்பு மாணவி, புகைப்பட மன்றம்