குறுமை ஒரு குற்றமா?
('வெண்பா' என்னும் வீடியோ விளையாட்டை முன்வைத்து ஒரு பாடம்)

வெண்பா என்றவுடன் தமிழ் படித்தவர்களுக்கு யாப்பிலக்கணம் நினைவுக்கு வரும். அந்தப் பெயரில் ஒரு வீடியோ விளையாட்டும் இருக்கிறது என்பது நம் பெற்றோர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். கனடாவில் டொராண்டோ நகரைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் இதை 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை இது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாயின் தாய் எழுதித் தந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட படிகளை யோசித்துக் கண்டுபிடித்துச் சமைத்து முடிப்பதே ஆட்டம். சுடுவது இல்லை, துரத்துவது இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை.

2024-ஆம் ஆண்டில் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எப். விழாவின் பெரும் பரிசும், பிரிட்டனின் பாப்டா அமைப்பு முதல் படைப்புக்கு வழங்கும் விருதும் இதற்குக் கிடைத்தன. ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்படிக்கு உலக மேடையில் கிடைத்த மரியாதை என்று இதைச் சொன்னால் மிகையாகாது. ஆயினும் பாராட்டியவர்களே சேர்த்துச் சொன்ன இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டு, ஒரே வழியில்தான் போகிறது. நாம் என்ன செய்தாலும் கதையின் முடிவு மாறுவதில்லை. இந்தக் குறைகள் நியாயமானவையா என்பதே இம்மாதப் பாடம். விளையாட்டைப் பற்றிய பேச்சு நமக்கெதற்கு என்று பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டில் பேரப்பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கும்வரை இது நம் பேச்சும்தான்.

முதலில் பெயரிலிருந்தே தொடங்குவோம். வெண்பாவைப்போல் இறுக்கமான பாவகை தமிழில் வேறில்லை. ஈற்றடி மூன்று சீர், மற்ற அடிகள் நான்கு சீர். வெண்டளை தவிர வேறு தளை வரக்கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகவே முடிய வேண்டும். குறள் வெண்பாவுக்கு இரண்டே அடி, ஏழே சீர். வள்ளுவர் எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவுதான். அதை யாரும் போதாது என்று சொன்னதில்லை. அதே சமயம் வெண்பா என்றாலே குறுகியது என்றும் கொள்ளக் கூடாது. பஃறொடை வெண்பா பன்னிரண்டு அடி வரை போகும். அதற்கு மேல் கலிவெண்பா என்று நீளும். மணிவாசகரின் சிவபுராணம் அந்த வகை. புகழேந்திப் புலவர் நான்கடி வெண்பாக்களையே நானூறுக்கு மேல் அடுக்கி நளன் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். ஆக, நீளத்தைத் தீர்மானிப்பது சொல்ல வந்த பொருள். விளையாட்டை உருவாக்கியவர்கள் தாய்க்கு வெண்பா என்றும், தந்தைக்குப் பா பாடுபவன் என்று பொருள்படும் பாவலன் என்றும் பெயர் வைத்திருப்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சான்றுக்கு நாம் கேரளத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. அங்கே கூத்து மாடத்தில் ஒலிப்பது கம்பனின் தமிழ். முறைப்படி நடத்தினால் இருபத்தொரு இரவு. ஏழு இரவு, பதினான்கு இரவு என்று சுருக்குவதும் உண்டு, நாற்பத்தொரு இரவாக நீட்டுவதும் உண்டு. இப்போது கலைவிழா மேடைகளில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டுகிறார்கள். கதை ஒன்றே. கோயிலுக்கு நேர்ந்த வழிபாட்டுக்கு ஓர் அளவு, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்கு ஓர் அளவு. இராவணன் இறப்பான் என்பது முதல் இரவே எல்லோருக்கும் தெரியும். முடிவு மாறவில்லையே என்று எவரும் எழுந்து போவதில்லை.

மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போயிருப்பவர்கள் அரசரின் பள்ளியறைச் சுவர்களைப் பார்த்திருப்பார்கள். தசரதனின் புத்திர காமேஷ்டி யாகத்தில் தொடங்கி இராமர் அயோத்தி திரும்புவது வரை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். பார்ப்பவர் நடக்கிறார், கதை நகர்கிறது. வேகமாக நடந்தால் பத்து நிமிடம். நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தால் ஒரு மதியம் போதாது. ஒரே வழிக் கதையிலும் பார்ப்பவருக்கு வேலை இருக்கிறது என்பதற்கு இந்தச் சுவர்களே போதும்.

அப்படியானால் வீடியோ விளையாட்டுக்கு மட்டும் நீளத்தை ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறார்கள்? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1978-இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்றவை காசு போட்டு ஆடும் எந்திரங்கள். ஆடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். பிறகு விளையாட்டு வீட்டுக்குள் வந்தது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் அடங்கிய இடம் வெறும் நாற்பது கிலோபைட். இன்று தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. தேர்ந்தவர்கள் அதை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்நாள் பிள்ளைகளுக்கு அது மாதக்கணக்கில் வந்தது. காரணம், நூறு முறை விழுந்து நூறு முறை தொடக்கத்திலிருந்து ஆட வேண்டியிருந்தது. நீளம் என்று நினைத்தது பெரும்பாலும் திரும்பத் திரும்பச் செய்ததுதான். நினைவகம் பெருகியபின் பெரிய உலகங்களும் நூறு மணி நேர ஆட்டங்களும் வந்தன. கொடுத்த பணத்தை மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்தது. அரிசி வாங்கும் கணக்குக்கு அது சரி. 'வெண்பா' வெளியான அன்று அதன் விலை அமெரிக்காவில் பதினைந்து டாலர். இத்தனைக்கு ஒன்றரை மணி நேரம்தானா என்று மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அது விலையைப் பற்றிய கேள்வி. படைப்பைப் பற்றிய கேள்வி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வாதம் தடுமாறுகிறது.

இந்தக் குழப்பத்தால் சிறிய படைப்பாளிகளுக்கு நிஜமான நட்டமும் உண்டு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற பெரிய இணைய அங்காடியில் 2015 முதல் ஒரு விதி இருக்கிறது. வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்குபவரைக் காக்கும் நல்ல விதிதான். ஆனால் ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுவதும் ஆடி முடித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம் அல்லவா? 2021-இல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் இயங்கிய ஒரு படைப்பாளி, தன் குறுகிய விளையாட்டைப் பலர் பாராட்டிவிட்டுப் பணத்தையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்று சொல்லி, இத்தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். சாப்பிட்டு முடித்து, நன்றாக இருந்தது என்று சொல்லி, காசு கொடுக்காமல் கை கழுவிப் போவதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

இப்போது ஒரே வழிப் போக்கு என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கதை ஒரே வழியில் போவது ஒன்று. ஆடுபவரின் கைக்கு வேலையே இல்லாமல் போவது மற்றொன்று. 2007-இல் வந்த போர்ட்டல் என்ற புதிர் விளையாட்டில் அறை அறையாக ஒரே வரிசைதான். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வோர் அறையும் ஒன்றைக் கற்றுக் கொடுத்து, அடுத்த அறை அதையே கொஞ்சம் கடினமாக்கிக் கேட்கிறது. நல்ல ஆசிரியரின் பாடத்திட்டம் போல. அதை யாரும் குறை சொல்லவில்லை. 2015-இல் வந்த தி ஆர்டர் 1886 என்ற ஆடம்பரமான விளையாட்டும் குறுகியது, ஒரே வழி. அதற்குக் கண்டனம் குவிந்தது. அறுபது டாலர் விலை ஒரு காரணம் என்றாலும், பாதி நேரம் ஆடுபவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியிருந்ததே பெரிய காரணம். அங்கே கண்டனம் நியாயம் என்பேன்.

'வெண்பா'வில் நடப்பது என்ன? முதல் சமையல் இட்லி. ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே அடுத்த தட்டின் குழி வந்தால் இட்லி எழும்ப இடம் இருக்காது. தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இட்லியைத் தட்டில் வைத்த பிறகே பார்த்திருக்கும் பிள்ளைக்கு இது நிஜமான புதிர். அடுத்து புட்டு. நாம் இங்கே புட்டுக்குற்றி என்று சொல்லும் குழலில் சில்லு, மாவு, தேங்காய் என்று எது முன், எது பின்? வரிசை தவறினால் புட்டு இல்லை. சமையல் என்பதே ஒரே வழிப் போக்குதான். கடுகு வெடித்த பிறகே கறிவேப்பிலை. இரண்டையும் ஆடுபவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது சுதந்திரம் ஆகாது. பாட்டி ஒரு வரிசையில் செய்ததை அதே வரிசையில் மீட்டெடுப்பதே இந்த ஆட்டத்தின் பொருள் என்னும்போது, பல வழி இல்லையே என்று கேட்பது பொருந்தாத கேள்வி.

கதைக்கும் இதையே சொல்லலாம். ஊர் விட்டுப் போன தாய்க்குத் திரும்பி நடக்கும் வழி இல்லை. மகன் தமிழில் பேசத் தயங்கும் வயது வந்தால் அது வந்ததுதான். நல்ல பதிலாகத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் பிள்ளை நம் பக்கம் வந்துவிடுவான் என்று ஒரு விளையாட்டு சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

ஆனாலும் குறை சொன்னவர்கள் பக்கம் முழுவதும் வெறுமை இல்லை. உரையாடலின்போது சில இடங்களில் இரண்டு மூன்று பதில்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் பேச்சு சற்றே வளைந்து அதே பாதைக்கு வந்துவிடுகிறது. தேர்வு கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்துவிட்டு மதிக்காமல் விடுவது சரியில்லை. இரண்டாவது, ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுகள் பறந்துவிடுகின்றன. சிறுவன் கவின் எப்போது தாயின் மொழியிலிருந்து விலகினான் என்பதை நாம் கூட இருந்து பார்ப்பதில்லை, விலகிய பிறகே பார்க்கிறோம். அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு சமையல் இருந்திருந்தால் பின்னால் வரும் வலிக்கு வேர் ஆழமாக இருந்திருக்கும். இங்கே குறுமை உண்மையிலேயே குறைதான். ஒன்றரை மணி நேரம் என்பதால் அல்ல, சொல்ல எடுத்துக்கொண்ட பொருளில் ஒரு பகுதி விடுபட்டதால்.

மீதிக் கதையை நான் சொல்லப் போவதில்லை. வளர்ந்த கவின் தமிழில் எழுதிய சமையல் குறிப்பைப் படிக்கத் தடுமாறும் இடம் ஒன்று வருகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறைகளாக வாழும் நமக்கு அது கனடாக் கதை அல்ல. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதி, அம்மாவின் ரசப்பொடி அளவை மலையாள எழுத்தில் குறித்து வைத்திருக்கும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்!

நீளத்தைப் பற்றிப் பேசும் பெற்றோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. நம் பிள்ளைகளின் கையிலுள்ள இலவச விளையாட்டுகள் பல முடிவதே இல்லை. 2012-இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் ஆயிரக்கணக்கான கட்டங்கள். ஐந்து உயிர் தீர்ந்தால் அரைமணிக்கு ஓர் உயிர் திரும்பும், காத்திருக்க மனமில்லாவிட்டால் பணம் கட்டலாம். முடியாமல் இருப்பதே அதன் வியாபாரம். அதை யாரும் நீளம் என்று குற்றம் சாட்டவில்லை, இலவசம் என்பதால். எனக்கு என்னவோ, தொடங்கிய அன்றே முடிந்து, கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகச் சொல்லும் விளையாட்டு நல்ல பிள்ளையாகவே தெரிகிறது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஞாயிறு மாலையில் முடிக்கக்கூடியது அதுதான். அறுபது மணி நேர ஆட்டத்துக்கு எந்தப் பாட்டி உட்காருவார்?

கணினியோ விளையாட்டுக் கருவியோ இல்லாத வீடுகளிலும் இந்த ஆட்டத்தை ஆடலாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு பலகாரத்தின் செய்முறையைச் சொல்லட்டும். மூத்த பிள்ளை அதைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. பிறகு நடுவில் இரண்டு வரிகளை மையால் அழித்து இளைய பிள்ளையிடம் கொடுங்கள். அழிந்த படிகள் எவை என்று அவர்கள் கண்டுபிடிக்கும்வரை பெரியவர் வாய் திறக்கக் கூடாது. அதிரசமாக இருந்தால் பாகு பதத்தை அழியுங்கள். கண்டுபிடிக்கக் கடினமானது அதுதான்.