வழிச்சோறும் ஹலாலும்

ஹிஜ்ரத்துடைய நாளில் பெருமானார் (ஸல்) அவர்களுக்கும் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களுக்கும் வழிச்சோறு ஆயத்தமாயிற்று. ஆனால் பையின் வாயைக் கட்டுவதற்குக் கயிறு இல்லை. அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தமது இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்து, அதைக் கொண்டு உணவுப் பையைக் கட்டினார்கள். அதனாலேயே அந்த அம்மையாருக்கு 'தாத்துந் நிதாகைன்', அதாவது இரு கச்சைக்காரி என்ற சிறப்புப் பெயர் நிலைத்தது. பிரயாணத்திற்குச் சோறு கட்டிக் கொடுப்பது சிறிய காரியமன்று என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

நம் வீடுகளில் சாப்பிடும்போது விரிக்கும் 'சுப்ரா'வும் இந்தச் செய்தியையே சொல்கிறது. அரபு மொழியில் 'ஸுப்ரா' என்றால் முதலில் பிரயாணிக்காகத் தயாரித்த உணவு என்பதே பொருள். பிறகுதான் அதை வைத்து உண்ணும் விரிப்புக்கு அந்தப் பெயர் வந்தது. நாள்தோறும் நாம் விரிப்பது பிரயாணியின் விரிப்பே!

இன்று பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு வெளியூர் செல்லாத வீடு குறைவு. அதில் தவறில்லை. ஆனால் ஊரில் இருக்கும்போது எந்தக் கடைக் கறி, அறுத்தவர் யார் என்று விசாரித்து வாங்கும் நாம், ரயில் ஏறியதும் அந்தப் பேணுதலையும் ஊரிலேயே விட்டுவிடுகிறோமே, அது சரியா?

ஒரு குடும்பம் மலைவாசஸ்தலத்திற்குச் சென்றிருந்தது. மழை பெய்த இரவு. தங்கிய அறையில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலைத் தவிர வேறொன்றுமில்லை. பசியோடு ஒரு கடையில் நுழைந்து கோழிச் சோறு வாங்கினார்கள். ஒன்பது வயதுப் பையன் மட்டும் கையை வைக்கவில்லை. "உம்மா, நம்ம ஊர்ல கேட்டுத்தானே வாங்குவோம்? இங்கே யாரும் கேக்கல்லியே?" என்றான். வாப்பாவிடம் பதில் இல்லை. அன்றிரவு அந்தப் பிள்ளை ரொட்டியும் வாழைப்பழமும் தின்று படுத்தான். பெரியவர்கள் மறந்ததை அல்லாஹுத்தஆலா ஒரு பிள்ளையின் நாவைக் கொண்டு நினைவூட்டினான்.

நிர்ப்பந்தம் எது?

"பிரயாணத்தில் இதெல்லாம் பார்க்க முடியுமா? மார்க்கத்தில் சலுகை இருக்கிறதே" என்று சிலர் கூறுவார்கள். சலுகை உண்டு. பிரயாணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் நோன்பைப் பிறகு நோற்கவும் அனுமதி உண்டு. ஆனால் ஹராமானதை உண்பதற்கான அனுமதி பிரயாணத்திற்காகத் தரப்பட்டதன்று. வேறு உணவே கிடைக்காமல் உயிருக்கு ஆபத்து நேரும் நிலைக்காகத் தரப்பட்டது. அதுவும் வரம்பு மீறாமல், தேவையான அளவுக்கு மட்டும்! இட்லியும் தயிர்ச்சோறும் பழமும் தெருமுனையிலேயே கிடைக்கும்போது, கோழி சாப்பிட ஆசைப்படுவதை நிர்ப்பந்தம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மற்றொரு சாரார், "அல்லாஹ் தருவான்" என்று வெறுங்கையோடு கிளம்புவார்கள். முற்காலத்தில் யமன் தேசத்தார் சிலர் ஹஜ்ஜுக்கு உணவு கொண்டுவராமல், தவக்குல் வைத்திருக்கிறோம் என்று சொல்லிப் புறப்பட்டு, மக்காவில் மக்களிடம் கையேந்தினார்கள். பிரயாணத்திற்கு வேண்டியதைத் தயார் செய்துகொள்ளுமாறு கட்டளையிடும் பகரா சூராவின் வசனம் அவர்கள் விஷயமாகவே இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தக்வாவே மேலான கட்டுச்சாதம் என்றும் அதே வசனம் கூறுகிறது. ஆகவே சோறும் வேண்டும், பேணுதலும் வேண்டும்.

எதைக் கட்டுவது?

நம் உம்மாமார்களுக்கு இது தெரிந்த வித்தைதான். கப்பலேறிய ஆண்களுக்கு அவர்கள் கட்டிக் கொடுத்தவை மாதக்கணக்கில் கெடாதவை. நன்றாக வெயிலில் காய்ந்த உப்புக்கண்டம், எண்ணெயில் வதக்கிய மாசிச் சம்பல், வறுத்த ஓட்டுமா, அதிரசம், பேரீச்சம்பழம் ஆகியவற்றுக்கு அடுப்பே தேவையில்லை. உப்புக்கண்டத்தை வீட்டிலேயே பொரித்து, உதிர்த்து எடுத்துச் சென்றால், வெறும் ரொட்டியோடும் தயிர்ச்சோற்றோடும் ஹலாலான கறியின் ருசி கிடைத்துவிடும்.

முதல் நாளுக்குப் புளிச்சோறு, சப்பாத்தி, ஓடு உரிக்காத அவித்த முட்டை போதும். சோற்றைத் தட்டில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராக இறங்கிக் கெட்டுவிடும். தேங்காய் சேர்ந்த பண்டமும், ஆணம் ஊற்றிய கறிச்சோறும் கோடை வெயிலில் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அவற்றைப் புறப்படும் முன் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுவது நலம். கெட்ட உணவு ஹலாலான கறியாக இருந்தாலும் உடலுக்குத் தீங்குதான்.

சென்னையிலிருந்து டில்லிக்கு ரயிலில் போகிறவர்கள் இரண்டு இரவுகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் இரவுக்கு வீட்டுச் சோறு, மறுநாள் பகலுக்குச் சப்பாத்தியும் சம்பலும், இரண்டாம் இரவுக்கு ரொட்டி, அவல், பழம் என்று பிரித்துக் கட்டினால் எதுவும் வீணாகாது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பொட்டலம் என்று கட்டி, மேலே பெயர் எழுதிவிடுவது இன்னும் சுலபம்.

ரயிலில் நெருப்பு வேண்டாம்

சமைத்துச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் ஸ்டவ்வையோ எரிவாயு சிலிண்டரையோ ரயிலில் ஏற்றுவது சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்டு 26 அதிகாலையில், மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில், சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து, லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களில் ஒன்பது பேர் மாண்டார்கள். செல்போன் சார்ஜ் செய்யும் இணைப்பில் கெட்டிலை மாட்டுவதும் கூடாது. நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்பது குர்ஆனின் கட்டளை. ஹலாலைப் பேணுவதற்காகப் பிறர் உயிரை ஆபத்தில் வைப்பது பேணுதலாகாது.

அறையும் பாத்திரமும்

தங்கும் விடுதியின் கெட்டில் தண்ணீருக்காக வைக்கப்பட்டது. அதில் பாலைக் காய்ச்சுவதும் முட்டையை வேகவைப்பதும் பிறர் பொருளைக் கெடுப்பதாகும். அறையில் சமைக்கக் கூடாது என்று சொல்லி வாடகைக்கு விட்டிருந்தால், ஒளித்துச் சமைப்பது வாக்கு மீறுவதாகும். வெந்நீர் மட்டும் கிடைத்தாலும் எவ்வளவோ செய்யலாம். சேமியா உப்புமாவை வீட்டிலேயே வறுத்துத் தாளித்து எடுத்துப் போனால், வெந்நீர் ஊற்றி மூடிவைத்தாலே வெந்துவிடும். அவலுக்கும் ஓட்டுமாவுக்கும் அதுவே போதும்.

அடுப்புள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் பாத்திரத்தைக் கவனிக்க வேண்டும். வேதக்காரர்களின் பாத்திரத்தில் உண்ணலாமா என்று அபூஸஃலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு கிடைத்தால் அவற்றில் உண்ண வேண்டாம், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். அதில் பன்றி இறைச்சி சமைக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், ஷாபிஈ மத்ஹபில் ஏழு தடவை, அவற்றில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஹனபி மத்ஹபில் அசுத்தம் நீங்க மூன்று தடவை கழுவினால் போதும். இந்தச் சிரமமே இல்லாமலிருக்க ஒரு சிறிய சட்டி, ஒரு கரண்டி, ஒரு கத்தி ஆகிய மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

ஊட்டி போன்ற உயர்ந்த மலைகளில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் முட்டையும் அரிசியும் வேகக் கூடுதல் நேரமாகும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் டப்பாக்களே உகந்தவை.

பொட்டலத்தின் குறிகள்

நம் நாட்டில் பொட்டலங்களில் இடப்படும் பச்சை வட்டம் அதில் மாமிசம் இல்லை என்பதையே காட்டும். மதுவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கேக், சாக்லேட் வாங்கும்போது ரம், ஒயின் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பழுப்பு முக்கோணம் இருந்தால் ஹராம்தான் என்றும் முடிவு கட்டக் கூடாது. முட்டை மட்டும் சேர்ந்தாலும் அந்தக் குறியே இடப்படும்.

வெளிநாடு செல்பவர்கள் யூதர்களின் 'கோஷர்' குறியைக் காண்பார்கள். அதில் பன்றி இறைச்சி இராது. ஆனால் அவர்கள் சட்டத்தில் ஒயின் தடுக்கப்பட்டதல்ல. எனவே கோஷர் என்பதனாலேயே நமக்கு ஹலால் ஆகிவிடாது. கோஷர் இறைச்சியைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், புறப்படும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களின் முன்னேற்பாடு கவனிக்கத்தக்கது. இறைச்சியையும் பாலையும் அவர்கள் ஒன்றாகச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே பிரயாணத்தில் இரண்டு வகைப் பாத்திரங்களைச் சுமப்பதற்குப் பதிலாக, பலர் ஒரே வகை உணவோடு நிறுத்திக்கொள்வார்கள். பிறருடைய அடுப்புப் பெட்டியில் சூடாக்க நேர்ந்தால் உணவை அலுமினியத் தாளில் இரட்டையாகச் சுற்றிவிடுவார்கள். பன்றி இறைச்சி வைத்த அடுப்புப் பெட்டியில் நம் உணவைச் சூடாக்க நேர்ந்தால் நாமும் இப்படிச் செய்யலாமே!

வீண் சந்தேகம்

பேணுதல் என்பது சந்தேக நோயாகவும் மாறிவிடக் கூடாது. சிலர் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தார்களா என்று தெரியவில்லையே என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே வெளியூரில் ஒரு முஸ்லிம் சகோதரர் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டால், அவரைக் குறுக்கு விசாரணை செய்து மனத்தைப் புண்படுத்தாதீர்கள். மாற்று மத நண்பர் அன்போடு தரும் பழத்தையும் இட்லியையும் முகம் சுளித்து மறுக்காதீர்கள்.

அஷ்அரி கூட்டத்தார் உணவு குறைந்துபோனால், எல்லாருடையதையும் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். நீங்களும் ஒரு பொட்டலத்தைக் கூடுதலாகக் கட்டுங்கள். எதிர் இருக்கையில் பசித்த பிரயாணி ஒருவர் இருக்கக் கூடும்.

அடுத்த விடுமுறையில் மூட்டை கட்டும்போது பிள்ளைகளையும் கூட உட்காரவையுங்கள். இது எதற்கு, அது ஏன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கட்டுங்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளை தனியாகத் தூரதேசம் சென்றாலும் கேட்டுத்தான் உண்ணும். வல்ல நாயன் நம் பிரயாணங்களையும் உணவையும் பரக்கத்தாக ஆக்குவானாக. ஆமீன்.