அழகர் ஆற்றில் இறங்கும் விழாவும் மக்கள் பங்கும்

முன்னுரை

மதுரை வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குச் சித்திரை மாதம் என்றாலே அழகர் நினைவுதான் முன்னே வரும். சித்திரை முழுநிலவு நாளன்று வைகையில் கூடும் கூட்டத்தைப் பற்றி எழுதாத ஏடு இல்லை. ஆனால் அக்கூட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர் யார், கடமை ஆற்ற வந்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தவர் சிலரே. ஒரு விழாவை நிலைநிறுத்துவது கூட்டமன்று. அதில் ஒவ்வொரு மக்கட் பிரிவினரும் ஏற்றுக்கொண்ட பொறுப்பே என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அழகர் வரும் சாலையை ஒட்டிய சிற்றூரில் பிறந்தவன் என்ற முறையில், கண்டதையும் செய்ததையும் இங்கு எழுதுகிறேன்.

இரு விழாக்களின் இணைப்பு

இன்று ஒரே விழாவாகத் தோன்றுவது முன்னாளில் இரு விழாக்களாக இருந்தது. மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் மாசி மாதத்திலும், அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரையில் சோழவந்தானை அடுத்த தேனூரிலும் நடைபெற்று வந்தன. திருமலை நாயக்கர் காலத்தில் (1623-1659) இவ்விரண்டும் சித்திரையில் மதுரையில் இணைக்கப்பட்டன என்பர். சைவ விழாவும் வைணவ விழாவும் இவ்வாறு கைகோத்தன. அறுவடை முடிந்து உழவர் ஓய்ந்திருக்கும் காலம் சித்திரை. தேர் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், மாதத்தை மாற்றியதன் பொருத்தம் விளங்கும். வண்டியூர் அருகே வைகையில் உள்ள மண்டபம் இன்றும் ‘தேனூர் மண்டபம்’ என்றே வழங்குகிறது. விழா இடம் பெயர்ந்தாலும் ஊரின் உரிமை பெயரவில்லை.

புராணமும் மக்கள் வழக்கும்

கோயில் மரபின்படி அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாப விடுதலை அளிக்க. மக்களோ வேறு கதை சொல்கிறார்கள். தங்கை மீனாட்சியின் திருமணத்திற்குச் சீர்வரிசையுடன் வந்த அண்ணன், தான் வருமுன்பே தாலி கட்டி முடிந்தது என்று கேட்டுச் சினந்து, ஊருக்குள் நுழையாமலே வண்டியூர் சென்று விட்டாராம். அங்கே இரவு துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்பதும் மக்கள் வழக்கே. முனிவர் கதையில் மக்களுக்கு இடமில்லை. அண்ணன் தங்கை கதையிலோ நம் வீட்டுத் திருமணங்களில் நடக்கும் மனத்தாங்கல் அத்தனையும் இருக்கிறது. ஆகவே மக்கள் எதைத் தமதாக்கிக் கொண்டார்கள் என்பதில் வியப்பில்லை.

பங்கு கொள்வோர்

பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்று, கொண்டையும் கடுக்கனும் வளைதடியும் நேரிக்கம்புமாகக் கள்ளர் கோலத்தில் அழகர் புறப்படுகிறார். மதுரை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என வழிநெடுக மண்டகப்படிகள். மூன்றுமாவடியில் எதிர்சேவை. தல்லாகுளத்தில், திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு ஆற்றை நோக்கி எழுந்தருளுகிறார்.

பேராசிரியர் தொ. பரமசிவன் தமது ‘அழகர் கோயில்’ ஆய்வு நூலில் கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் ஆகியோருக்கும் இக்கோயிலுக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்துள்ளார். இவ்வுறவை அறிய வழியில் நின்று பார்த்தாலே போதும். திரி எடுத்து ஆடுவோர் ஒருபுறம், நீர்மோரும் பானகமும் வழங்குவோர் ஒருபுறம். செம்பில் சர்க்கரை நிரப்பி, அதன்மேல் சூடம் ஏற்றி நிற்கும் பெண்கள் ஒருபுறம். அழகர் உடுத்தி வரும் பட்டு பச்சையா, சிவப்பா என்று கண்ணை ஊன்றிப் பார்க்கும் உழவர் ஒருபுறம். பச்சை என்றால் அவ்வாண்டு வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை.

துருத்தி நீர்

இவர்களுள் துருத்தி நீர் தெளிப்போரைத் தனியே குறிப்பிட வேண்டும். ஆட்டுத்தோலை முழுதாகப் பதப்படுத்திப் பையாகக் கட்டி, ஒரு முனையில் சிறு பித்தளைக் குழாய் பொருத்தியிருப்பர். தலைப்பாகையும் கச்சையும் கட்டி, விரதமிருந்து, அப்பையைத் தோளில் இட்டுச் சுவாமி மீது நீர் பீய்ச்சுவது நேர்த்திக்கடன். ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரியின்போது இக்காட்சி உச்சம் பெறும்.

எங்கள் தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் துருத்தி சுமந்தவர். “எதற்குத் தாத்தா தண்ணீர்?” என்று சிறுவயதில் கேட்டேன். “அம்புட்டுத் தூரம் நடந்து வர்றாருடா, அவருக்கு வெயில் சுடாதா?” என்றார். இறைவனை விருந்தாளியாக எண்ணும் இம்மனநிலையே விழாவின் உயிர் எனலாம். இன்று அழுத்த விசைக் குழாய்கள் வந்துவிட்டன. அதில் நீர் வேகமாகப் பாயும். ஆனால் பாரம் சுமந்த தோள் இராது.

விழா நின்ற ஆண்டுகள்

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் அழகர் மதுரைக்கு வரவில்லை. 2021இலும் விழா கோயில் வளாகத்திற்குள்ளேயே நடந்தது. முதல் ஆண்டு, காய்ந்து கிடந்த துருத்தியைத் தாத்தா வழக்கம்போல் நீரில் ஊறப்போட்டார். சுவாமி வராத சாலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே நீர் தெளித்துவிட்டுத் திரும்பினார். ஒருவரும் பேசவில்லை.

2022இல் அவரால் நடக்க இயலவில்லை; துருத்தி என் தோளுக்கு வந்தது. ஏப்ரல் 16ஆம் நாள் விடியலில் ஆற்றில் நெரிசல். தள்ளப்பட்டேன், உண்மையைச் சொன்னால், நானும் தள்ளினேன். அந்நெரிசலில் இருவர் உயிரிழந்த செய்தி ராமராயர் மண்டபத்தில் நிற்கையில் எட்டியது. வீட்டில் சொன்னபோது தாத்தா கேட்டார்: “நீ தண்ணி தெளிக்கப் போனியா, சாமி பார்க்கப் போனியா?” எனக்கு விடை தெரியவில்லை.

முடிவுரை

அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. பார்க்க மட்டும் வருபவனுக்கு முன்வரிசை வேண்டும். முன்னே நிற்பவன் அவனுக்குத் தடை. பணி செய்ய வருபவனுக்கோ தன் இடமும் முறையும் தெரியும். பக்கத்தில் நிற்பவன் அவனுக்குத் துணை. நெரிசலைத் தடுக்கும் பெரும் பொறுப்பு நிர்வாகத்தைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் வழியில் ஒரு குடம் நீர்மோர் கொடுப்பதோ, முதியவர் ஒருவரைக் கைபிடித்துக் கரையேற்றுவதோ நம்மால் ஆகும் பங்கு. மாணவராகிய நாம் அழகரைக் காணச் செல்லுமுன் இப்பங்கில் ஒன்றை ஏற்றுச் செல்வோமானால், விழா நம்முடையதாகும். நாமும் விழாவினுடையவர் ஆவோம்.