வீட்டுச் சூழலும் மேற்படிப்பு ஆர்வமும்

படிப்பில் நாட்டம் என்பதைப் பிள்ளையின் பிறவிக் குணமாகவே நாம் பேசுகிறோம். 'அவனுக்குப் படிப்பு ஏறவில்லை', 'அவளுக்கு ஆசையில்லை' என்று முடித்துவிடுகிறோம். இம்முடிவு சரிதானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழுவினர் ஏறத்தாழ 6 இலட்சம் மாணவரை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். பள்ளியின் வசதிகளைக் காட்டிலும் வீட்டுப் பின்னணியே தேர்ச்சி வேறுபாட்டை மிகுதியாக விளக்குகிறது என்பது அதன் முடிபு. பிரெஞ்சு அறிஞர் ரேமோன் பூதோன் 1970-களில் இதனை மேலும் நுட்பமாக்கினார். வீட்டுச் சூழல் மதிப்பெண்ணைப் பாதிப்பது ஒன்று. மதிப்பெண் சமமாக இருந்தும் 'மேலே படிப்பதா, நிறுத்துவதா' என்ற முடிவு வீட்டுக்கு வீடு வேறுபடுவது மற்றொன்று. (நம் சோதனைச்சாலையில் ஒரு காரணியை நிலையாக வைத்து மற்றொன்றை அளக்கிறோம் அல்லவா, அந்த முறைதான்.)

இரண்டாவதுதான் நாம் கவனிக்கத்தக்கது. பன்னிரண்டாம் வகுப்பில் மாணவர் இருவர் ஒரே மதிப்பெண் பெற்றதாகக் கொள்வோம். ஒருவன் தந்தை அலுவலர். மற்றவன் தந்தை தினக்கூலி. முதல்வன் கல்லூரியில் தவறினால் வீட்டில் வருத்தம். இரண்டாமவன் தவறினால் வீட்டில் கடன். மூன்றாண்டுகள் அவன் கொண்டுவரக்கூடிய கூலியும் போயிற்று. பட்டம் வேலை தரும் என்பதற்கு அவன் தெருவில் சான்றும் இல்லை. அவன் தயங்கினால் அது சோம்பலா? கணக்கு என்றே நான் சொல்வேன்.

கணக்கு மாறினால் ஆசையும் மாறும். தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவியருக்கு 2022 முதலும், மாணவருக்கு 2024 முதலும் மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் வந்தன. இவற்றில் பிந்தைய இரண்டுக்கும் முன்னரே, 2021-22-இல், உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 ஆக இருக்கத் தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. காமராசர் காலத்துப் பள்ளிகளும் மதிய உணவும் இட்ட அடித்தளம் அது.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. அண்ணனோ அக்காளோ பட்டம் பெற்றுவிட்டால் இளையவருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடையாது. ஒருவர் படித்ததும் வீடே மாறிவிடும் என்பது விதியின் எண்ணம் போலும். நம் சங்கத்தில் அத்தகைய மூத்தவர் பலர் உண்டு. இருப்பதோ ஊரை விட்டு எத்தனையோ தொலைவில். என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். எந்த விண்ணப்பத்தை எப்போது அனுப்புவது என்பது அப்பாவுக்கு இன்றும் தெரியாது. என்னைத்தான் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில், பத்து நிமிடம்.